9,900 எம்.ஏ.ஹெச் பேட்டரியை நம்பிக் கடலுக்குள் இறங்கலாமா?

கேட்ஜெட் கேள்வி நேரம்

இந்த வாரக் கேள்வி:

"வணக்கமுங்க. எனக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன். வீட்டுக்காரர் ஊர்ல தறி ஓட்டுறாரு. போன வருஷம் ரெண்டு பேரும் புதுச்சேரியில ஸ்கூபா டைவிங் 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸ் முடிச்சோம். இந்த தீபாவளி லீவுக்கு, போனஸ் பணத்துல அந்தமான் போறோம். கையில ஒரு ஆக்‌ஷன் கேமரா, ஒரு டைவ் டார்ச், தெரிஞ்சவங்க கொடுத்த பழைய ஸ்ட்ரோப் ஒண்ணு இருக்குங்க. டார்ச்சுக்கு ஆன்லைன்ல 9,900 எம்.ஏ.ஹெச்னு போட்ட சார்ஜ் செல் ரெண்டு 350 ரூபாய்க்கு வாங்கினோம். 'நம்பர் பெருசா இருக்குது, அப்புறமென்ன?'ங்கறாரு வீட்டுக்காரர். எனக்குத்தான் பயமா இருக்குது. ஸ்ட்ரோப்புக்கு எந்த செல் போடுறது? ராத்திரி தறிக்குடோன்லயே சார்ஜ் போட்டுடலாமா? பிளேன்ல விடுவாங்களா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க."

வணக்கம் சகோதரி! உங்கள் பயம் நியாயமானது. வீட்டுக்காரர் சொன்ன அந்தப் பெரிய நம்பர்தான் இங்கே முதல் சிக்கலே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீருக்கடியில் வெளிச்சம் எதற்கு?

டைவ் டார்ச் என்றால் இரவில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பகலிலும் தேவை. சூரிய ஒளியில் இருக்கும் நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். 10 மீட்டரைத் தாண்டினால் எல்லாமே நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். சிவப்புப் பவளம்கூட கேமராவில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் இருந்து டார்ச்சோ ஸ்ட்ரோப்போ வெளிச்சம் கொடுத்தால்தான் அதன் உண்மையான நிறம் வரும். ஸ்ட்ரோப் என்பது தண்ணீருக்குள் பயன்படுத்தும் ஃபிளாஷ்.

வீட்டில் கரன்ட் போன நேரத்தில் டார்ச் அணைந்தால் செல்லைக் கழற்றி, தட்டி, திருப்பிப் போடலாம். 15 மீட்டர் ஆழத்தில் அது நடக்காது. அதனால், மேலே வருகிற வரை தாங்குமா, தாங்காவிட்டால் ஆபத்தில்லாமல் அணையுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ஆமாம்' என்று பதில் வருகிற பேட்டரிதான் கடலுக்குச் சரி.

நம்பரை விடுங்கள், எடையைப் பாருங்கள்

உங்கள் கம்பெனிக்கு ஃபேப்ரிக் வருகிறது. சப்ளையர் 180 ஜி.எஸ்.எம் என்று சொன்னதும் அப்படியே கட்டிங்குக்கு அனுப்பிவிடுவீர்களா? வட்டமாக வெட்டி, குட்டித் தராசில் எடை போட்டுப் பார்ப்பீர்கள்தானே? அதே தராசு இங்கேயும் உதவும்.

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் '18650' என்ற வகையாகத்தான் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. லித்தியம் அயான் வகை. நம்பகமான நிறுவனங்கள் இந்த அளவு செல்லுக்குள் அடைப்பது சுமார் 3,500 எம்.ஏ.ஹெச் வரைதான். இதைவிடச் சற்றுப் பெரிய '21700' வகையில் சுமார் 5,000. ஆக, 18650 செல்லின் மேல் 9,900 என்று அச்சடித்திருந்தால் அது அளந்து போட்ட நம்பர் இல்லை, ஆசைப்பட்டுப் போட்ட நம்பர்.

நல்ல 18650 செல் ஒன்று 45 முதல் 50 கிராம் வரை எடை இருக்கும். போலிகள் பெரும்பாலும் இதைவிட லேசாக இருக்கும். சிலவற்றில் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டியிருப்பார்கள். எடை சரியாக இருந்தாலே அசல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 35 கிராம்தான் காட்டுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய சார்ஜ் செல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் போட்டால் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று வந்துவிடும். இரண்டு நிமிட வேலைதான்.

சரி, 3,500 எம்.ஏ.ஹெச் போதுமா? கணக்குப் போடுவோம். 3.6 வோல்ட்டை 3.5 ஆம்பியர் அவரால் பெருக்கினால் 12.6 வாட் அவர். உங்கள் டார்ச் 10 வாட் இழுக்கிறது என்றால், சேதாரம் போக ஒரு மணி நேரம் தாங்கும். உங்களைப் போன்றவர்களின் ஒரு டைவ் பெரும்பாலும் 40, 50 நிமிடங்கள்தான். ஆக, நேர்மையான 3,500 போதும். பொய்யான 9,900 பாதி டைவில் காலை வாரிவிடும்.

மூடிய டப்பாவுக்குள் ஒரு செல்

சாதாரண டார்ச்சில் செல் சூடாகிக் காற்றை வெளியேற்றினால், அது எப்படியாவது சந்து வழியாக வெளியே போய்விடும். டைவ் டார்ச் அப்படியில்லை. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்பதற்காக ஓ-ரிங் போட்டு இறுக்கி மூடியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே போகாத டப்பாவிலிருந்து காற்றும் வெளியே வராது. உள்ளே ஒரு மோசமான செல் வாயுவைக் கக்கினால் டார்ச்சே வெடிக்கலாம். தரமான டைவ் டார்ச்களில் அழுத்தத்தை வெளியேற்ற வால்வு வைப்பது இதற்காகத்தான்.

அதனால் உங்கள் டார்ச்சின் கையேட்டைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, 'புரொடெக்டட்' செல் கேட்கிறதா என்பது. இந்த வகையில் செல்லின் அடியில் ஒரு சிறிய சர்க்யூட் இருக்கும். ஷார்ட் ஆனாலோ, அளவுக்கு மீறிக் கரன்ட் இழுத்தாலோ, ஒரேயடியாக வற்றிப்போனாலோ அது இணைப்பைத் துண்டித்துவிடும். இந்த சர்க்யூட்டால் செல்லின் நீளம் சில மில்லிமீட்டர் கூடும். அதனால் சில டார்ச்களில் மூடி முழுவதும் இறங்காது. வம்பாகத் திருகாதீர்கள். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் ஓ-ரிங்கும் உட்காராது.

இரண்டாவது, முனை. சில செல்களின் தலையில் குமிழ் இருக்கும், சிலவற்றில் தட்டையாக இருக்கும். மாற்றிப் போட்டால் தொடர்பே கிடைக்காது. அல்லது அலை ஆட்டத்தில் விட்டுவிட்டு எரியும்.

மூன்றாவது, எத்தனை செல் என்பது. உங்கள் டார்ச்சுக்கு இரண்டு செல் வேண்டும் என்றால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். உங்கள் பக்கத்துக் காங்கயம் காளைகளை வண்டியில் பூட்டும்போது ஜோடி பார்ப்பார்கள் இல்லையா, அதே நியாயம்தான். ஒன்று இளைத்துப்போனால் பாரம் முழுக்க அதன் மேல்தான் திரும்பும். நல்ல செல்லும் வற்றிய செல்லும் வரிசையாக இருந்தால், வற்றியது தலைகீழாக மின்னேற்றமாகிக் கெட்டுவிடும். சூடும் ஆகும்.

பாதுகாப்பு சர்க்யூட்டோடு வரும் நல்ல செல் ஒன்றே நீங்கள் கொடுத்த 350 ரூபாயைவிட அதிகமாக இருக்கும். அந்தமான் டிக்கெட், டைவ் கட்டணம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

ஸ்ட்ரோப்புக்குக் கடிகார செல் அளவுதான். ஆனால்...

பெரும்பாலான ஸ்ட்ரோப்கள் சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ அளவு செல் நான்கில் ஓடும். கடையில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட் இருக்கிறது. சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் 1.2 வோல்ட்தான். அப்படியானால் அல்கலைன்தானே பெட்டர் என்று தோன்றும். இங்கே கதை வேறு.

ஸ்ட்ரோப் ஒவ்வொரு முறை மின்னிய பிறகும், அடுத்த மின்னலுக்காகச் சட்டென்று நிறைய கரன்ட் இழுக்கும். அல்கலைன் செல்லால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது. வற்ற வற்ற இன்னும் மெதுவாகும். நீங்கள் பொத்தானை அழுத்துவீர்கள், ஸ்ட்ரோப் தயாராக இருக்காது, ஆமை போய்விடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடின் உள்தடை குறைவு என்பதால் கடைசிவரை வேகமாகக் கொடுக்கும். தவிர, அல்கலைன் உள்ளேயே கசிந்தால் ஸ்ட்ரோப்பின் முனைகளை அரித்துவிடும்.

2005-ல் சான்யோ நிறுவனம் 'எனலூப்' என்ற பெயரில், சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகையைக் கொண்டுவந்தது. இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது. அதன் வெள்ளை வகை சுமார் 2,000 எம்.ஏ.ஹெச், 2,100 முறை வரை சார்ஜ் செய்யலாம் என்கிறது நிறுவனம். கறுப்பு 'புரோ' வகை சுமார் 2,500 எம்.ஏ.ஹெச், ஆனால் 500 முறைதான். வருடத்துக்கு ஒன்றிரண்டு ட்ரிப் போகிற உங்களுக்கு வெள்ளையே தாராளம். வேறு கம்பெனி வாங்கினாலும் 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எட்டு செல் வாங்கி, 'அ', 'ஆ' என்று மார்க்கரால் எழுதி, நாலு நாலாகவே பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. '14500' என்று ஒரு லித்தியம் செல் உண்டு. பார்க்க ஏஏ போலவே இருக்கும். ஆனால் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். ஸ்ட்ரோப் கையேடு தெளிவாக அனுமதிக்காமல் அதைப் போட்டால் நான்கு செல்லில் 6 வோல்ட் எதிர்பார்க்கும் சர்க்யூட்டுக்குள் கிட்டத்தட்ட 17 வோல்ட் பாயும். ஸ்ட்ரோப் அவ்வளவுதான்.

சார்ஜரும் முக்கியம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்தும் சார்ஜராக வாங்குங்கள். செல்லின் உண்மையான எம்.ஏ.ஹெச்சை அளந்து காட்டும் சார்ஜர்களும் உண்டு. போலியைப் பிடிக்க எடைக்கு அடுத்த ஆயுதம் அதுதான்.

கேமராவுக்கு 'இரண்டு டைவ்' கணக்கு

அந்தமானில் காலையில் படகு கிளம்பினால் வழக்கமாக இரண்டு டைவ் போட்டுவிட்டுத்தான் கரைக்குத் திரும்பும். நடுவில் சுமார் ஒரு மணி நேர ஓய்வு. அந்த ஓய்வில், ஈரக் கையோடு, உப்புத் தண்ணீர் தெறிக்கும் படகில் கேமரா மூடியைத் திறந்து பேட்டரி மாற்றுவதுதான் கேமராக்கள் கடலுக்குப் பலியாகும் நேரம். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் ஓ-ரிங்கில் ஒட்டினாலே போதும். உங்கள் ஊரில் ஒரு பஞ்சு இழையே போதும்!

அதனால் கரையிலேயே முழு சார்ஜ் போட்டு மூடிவிட்டு, இரண்டு டைவுக்கும் சேர்த்துச் சிக்கனம் பிடியுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். இறங்கும் முதல் நொடியிலிருந்தே வீடியோ ஓட வேண்டாம், பார்க்க ஏதாவது வந்தால் ஓட விடுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கையையும் கேமராவையும் உலர்ந்த துண்டால் துடைத்து, மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறங்கள். கேமராவுக்கு மட்டும் கம்பெனி பேட்டரியே வாங்குங்கள். மலிவு பேட்டரி உப்பிக்கொண்டால் கேமராவிலிருந்து வெளியே எடுப்பதே பெரும்பாடு.

தறிக்குடோனில் சார்ஜ் போடலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் 'பார்த்துக்கலாம்' என்ற பதிலே கிடையாது.

2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடலில் சான்டா குரூஸ் தீவு அருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு தீப்பிடித்து எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 33 பயணிகளும் ஓர் ஊழியரும் இறந்துபோனார்கள். இந்திய வம்சாவளியினரும் அதில் உண்டு. தூங்கப் போகும் முன் மேலே இருந்த கூடத்தில் போன், கேமரா, டார்ச் பேட்டரிகளைச் சார்ஜ் போட்டிருந்தார்கள். தீ எதிலிருந்து தொடங்கியது என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படகே எரிந்து மூழ்கிவிட்டது. ஆனால் இரவில் சுற்றிப் பார்க்க ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பதைப் பெரிய குற்றமாகச் சொன்னது. விபத்து நடந்த சில நாள்களிலேயே, ஆள் பார்வையில்லாமல் லித்தியம் பேட்டரிகளைச் சார்ஜ் போடுவதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை அதிகம் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்தும்படி அந்நாட்டுக் கடலோரக் காவல்படை படகு உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

இப்போது உங்கள் தறிக்குடோனை நினைத்துப் பாருங்கள். தரையில் பஞ்சு, ஜன்னல் கம்பியில் பஞ்சு, சுவிட்ச் போர்டின் மேலும் பஞ்சு. தறிச் சத்தத்தில் எங்கே 'டப்' என்றாலும் காதில் விழாது. ஒரு செல் சூடாகித் தீப்பிடித்தால் பரவ எல்லாமே தயாராக இருக்கும் இடம். வெயில் காலத்தில் தகர ஷீட்டுக்குக் கீழே இருக்கும் சூட்டைக் கேட்கவே வேண்டாம். லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யப் பொதுவான உச்ச வரம்பு 45 டிகிரி செல்சியஸ்.

வீட்டுக்குள் டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில், பக்கத்தில் துணி, பாய், தலையணை இல்லாமல், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். நிறைந்ததும் எடுத்துவிடுங்கள். உப்பிய செல், சட்டை கிழிந்த செல், கீழே விழுந்து நசுங்கிய செல் எதையும் சார்ஜரில் போடாதீர்கள். அந்தமானில் தங்கும் அறையிலும் இதே விதிதான். ஊர் சுற்றப் போகும்போது பிளக்கிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டாம். ட்ரிப் முடிந்து மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால், லித்தியம் செல்லைப் பாதி சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

விமானத்தில் விடுவார்களா?

விடுவார்கள், சரியாகக் கொண்டுபோனால். தனியாக இருக்கும் லித்தியம் செல்களைச் செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது. கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வர வேண்டும். ஒரு பேட்டரிக்கு 100 வாட் அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நாம் மேலே போட்ட கணக்குப்படி உங்கள் செல் 12.6 வாட் அவர்தான். கவலை வேண்டாம்.

ஒவ்வொரு செல்லையும் பிளாஸ்டிக் டப்பாவில் தனித்தனியாக வையுங்கள், அல்லது முனைகளில் டேப் ஒட்டுங்கள். சாவி, சில்லறையோடு சேர்ந்து பையில் கிடந்தால் ஷார்ட் ஆகும். டைவ் டார்ச்சுக்குத் தனி விதி ஒன்று உண்டு. தண்ணீருக்கு வெளியே எரிந்தால் அது பயங்கரமாகச் சூடாகும் என்பதால், அதைச் 'சூடு உண்டாக்கும் கருவி' என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். செல்லை வெளியே எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், விமான நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. டிக்கெட் போட்ட நிறுவனத்திடம் ஒரு வாரம் முன்பே மெயிலில் கேட்டு, பதிலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து சென்னை வழியாக ஸ்ரீ விஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) போகிறீர்கள் என்றால் பாதுகாப்புச் சோதனையில் அந்த மெயில் கை கொடுக்கும்.

கிளம்பும் முன் ஒரு கிணற்று டெஸ்ட்

டார்ச், ஸ்ட்ரோப், கேமரா கேஸ் மூன்றையும் செல்லும் கேமராவும் இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து மூடுங்கள். முதலில் ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வையுங்கள். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. பையில் போட்டு, ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டி, கயிற்றில் ஐந்து மீட்டர் இறக்கி, அரை மணி நேரம் கழித்து எடுங்கள். துடைத்துத் திறந்து பாருங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் நிம்மதி. ஈரமென்றால் ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

கடலில் எப்போதாவது பேட்டரி அறைக்குள் தண்ணீர் போய்விட்டால் அவசரப்பட்டு முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் செல்லும் சேர்ந்தால் உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்திருக்கும், மூடி பறக்கலாம். ஆள் இல்லாத பக்கம் திருப்பி, மெதுவாகத் திருகித் திறங்கள். அந்தச் செல்களை மறுபடி சார்ஜ் போட வேண்டாம்.

சுருக்கமாக...

* டார்ச்சுக்கு: கையேடு சொல்லும் அளவில், புரொடெக்டட் லித்தியம் செல். 18650 என்றால் 3,500 எம்.ஏ.ஹெச்சுக்கு மேல் போட்டிருப்பதைச் சந்தேகப்படுங்கள்.
* ஸ்ட்ரோப்புக்கு: 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ, நான்கு நான்காக இரண்டு செட்.
* கேமராவுக்கு: கம்பெனி பேட்டரி, குறைந்தது ஒரு ஸ்பேர்.
* சார்ஜ்: விழித்திருக்கும்போது, பஞ்சும் துணியும் இல்லாத இடத்தில்.
* விமானம்: செல் எல்லாம் கைப்பையில், டார்ச்சிலிருந்து கழற்றி, முனையில் டேப் ஒட்டி.
* கெட்டுப்போன செல்: குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அந்த 9,900 செல்களை என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கேட்டால், தராசில் வைத்து அவரையே எடை பார்க்கச் சொல்லுங்கள். நூலை எடை போட்டு வாங்குகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இரண்டு பேரும் நல்லபடியாகப் போய், கலர் கலராகப் படமெடுத்துத் திரும்பி வாருங்கள்!

அடுத்த வாரம்: மழைக்காலத்தில் போன் சார்ஜிங் போர்ட்டில் ஈரம் எனக் காட்டினால் என்ன செய்யலாம்? உங்கள் கேள்விகளையும் அனுப்புங்கள்.